புகைக்குழாயில் எறும்புகள்

அன்று சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி ஐம்பது நிமிடம். தெருமுனையில் திரும்பும்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பது என் வழக்கம். பள்ளியிலிருந்து வீட்டுக்கு வர எத்தனை நிமிடம் ஆயிற்று என்று தெரிந்துகொள்வதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. வீட்டில் காத்திருக்க ஆள் இல்லாதவன் பழகிக்கொள்ளும் பழக்கங்களில் அதுவும் ஒன்று. அதனால்தான் நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கிறது. கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தால், என் வீட்டுச் சுவரில் என் மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள் சாய்ந்து நின்றது.

மகளும் வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவளுக்கு அது எட்டாம் மாதம். அடுத்த மாதம் நல்ல நாள் பார்த்து நானே வண்டி கட்டிப் போய் அழைத்து வருவதாக இருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. தாய் இல்லாத வீடு என்றாலும் வீடு வீடுதான். கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டு வைத்திருந்தேன். எட்டு மாதக்காரியை இந்த வண்டியில் வைத்தா கூட்டி வந்தான் என்று கோபத்தோடு கதவைத் தொட்டேன். பூட்டு நான் காலையில் பூட்டியபடியே இருந்தது.

எதிர்வீட்டில் எருமைப் பால் விற்கும் அம்மாள் தொட்டிக்கருகில் புண்ணாக்கு ஊறவைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க வாத்தியாரய்யா, உங்க மருமவன் வந்துட்டுப் போனாருங்க" என்றார்.

"எப்போங்க? கூட ஆரு வந்தது?"

"ஒருத்தரும் இல்லீங்க. ஒம்பது, ஒம்பதரை இருக்கும். படபட வண்டி படபடங்கவே இல்லை. செத்த மாட்டைத் தள்ளறாப்பல தள்ளீட்டு வந்தாரு. சுவத்துல சாச்சாரு. எந்தொட்டித் தண்ணியில கையை முக்குனாரு. மாடு குடிக்கற தண்ணிங்கன்னு சொன்னேன், காதுல வாங்கல. அப்படியே சந்தைப்பக்கமா ஓடீட்டாருங்க."

"ஒண்ணுமே சொல்லலீங்களா?"

"எங்கிட்ட என்னத்தச் சொல்றாரு? எருமைகிட்டச் சொன்னாரோ என்னமோ!"

அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

என் மகளைக் கொடுத்த ஊர் ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில், காவிரிக்கரையில். நான் இருக்கும் நாமக்கல்லிலிருந்து இருபது மைலுக்குக் குறையாது. அவர்களுக்குக் கரும்புக்காடும் சொந்த ஆலையும் உண்டு. உலகச் சண்டைக்கு முன்னால் மாப்பிள்ளை வாங்கிய சீமை வண்டி அது. இரண்டு பக்கமும் இரண்டு புகைக்குழாய்கள், குரோமியம் முலாம் போட்டவை. அவற்றில் முகம் பார்த்துத் தலை வாரலாம். பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபிறகு வண்டியை அவன் ஓட்டியதைவிடத் துடைத்ததே அதிகம் என்று மகள் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள். அந்தக் குழாய்கள் இப்போது நிறம் மாறிக் கறை படிந்து கிடந்தன. ஆனால் அப்போது நின்று பார்க்கவில்லை. பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன்.

அன்று சந்தை. ஆடும் மாடும் மனிதரும் ஒன்றாக நெரிந்துகொண்டிருந்த இடத்தில், ஈரக்கையோடு ஓடிய ஒருவனை யாராவது பார்த்தீர்களா என்று கேட்டால் யார் சொல்வார்கள்? டிக்கெட் கொடுப்பவன் தலை நிமிராமலே, "ஜேடர்பாளையம் பஸ் நாலு மணிக்குங்க. கரி கிடைச்சா. கிடைக்கலீன்னா நாளைக்குங்க" என்றான். அப்போது பஸ்களெல்லாம் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய காலம். வாடகைக் கார் கேட்டேன். ஊரில் இருந்த இரண்டில் ஒன்று ஓடவில்லை, இன்னொன்று காலையிலேயே எங்கோ போய்விட்டது. எங்கே போனது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பகல் வேறுமாதிரி போயிருக்கும்.

திரும்பி வந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. நாலு மணிவரை செய்ய ஒன்றும் இல்லை. வாசலில் வண்டி மட்டும் இருந்தது. நான் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவன். ஒரு பொருளை முன்னால் வைத்து, இதற்கு என்ன நடந்தது சொல் என்று முப்பது பிள்ளைகளைக் கேட்டே பழகியவன். முக்காலியை எடுத்துப்போட்டு வண்டியின் முன்னால் உட்கார்ந்தேன்.

முதலில் நிறத்தைப் பார்த்தேன். எஞ்சினிலிருந்து குழாய் புறப்படும் வளைவில் வெள்ளி வெளுப்பு போய், வைக்கோல் மஞ்சள், அதற்கடுத்துச் செம்பழுப்பு, அதற்கடுத்து மயில்கழுத்து நீலம் என்று பட்டை பட்டையாக ஏறியிருந்தது. வகுப்பில் சவரத் தகட்டை விளக்கில் காட்டி இதே நிறங்களை வரவழைத்துக் காட்டியிருக்கிறேன். குழாய் தாங்கமுடியாத அளவுக்குச் சூடேறியிருக்கிறது. எஞ்சினைக் கிளப்பும் உதைகட்டையை மிதித்துப் பார்த்தேன், கல்லில் மிதித்ததுபோல் நின்றது. எண்ணெய் வற்றி எஞ்சின் இறுகிவிட்டது. அதாவது, வழியில் நின்று எண்ணெய் பார்க்கக்கூட நேரமில்லாமல் ஓட்டியிருக்கிறான். தன் வண்டியைக் குழந்தைபோல் துடைக்கிறவன் ஏன் அப்படி ஓட்டவேண்டும்?

இரண்டாவது, கறைகள். வலப்பக்கக் குழாயில் பத்துப் பன்னிரண்டு இருந்தன. இடப்பக்கத்தில் மூன்றோ நாலோ. கட்டைவிரல் அகலத்தில், கருஞ்சிவப்பாக, விளிம்பு தடித்து வெந்திருந்தன. காய்ந்த ரத்தம் அந்த நிறத்தில்தான் இருக்கும். அந்தச் சொல் மனத்தில் விழுந்ததும் நான் எழுந்து உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வந்து மறுபடியும் பார்த்தேன். ஒவ்வொரு துளியும் முதலில் குழாயின் குறுக்காக நேர்கீழே இறங்கியிருந்தது. பிறகு, வடிந்து முடிவதற்குள், பின்பக்கமாக வால்போல் இழுபட்டிருந்தது.

பரீட்சைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அதை வரைந்தேன். நேர்கீழே இறங்கியது என்றால், துளி விழும்போது வண்டி நின்றுகொண்டிருந்தது. பின்னால் இழுபட்டது என்றால், விழுந்த மறுகணமே வண்டி வேகமாகப் புறப்பட்டுவிட்டது. நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் யாருக்கோ ரத்தம் கொட்டியிருக்கிறது. அவரை அங்கேயே விட்டுவிட்டு இவன் புறப்பட்டிருக்கிறான். பென்சிலை வைத்துவிட்டேன். என் வகுப்பில் ஒரு பையன் இவ்வளவு ஒழுங்காகப் பதில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

மூன்றாவது, எஞ்சினுக்கு ஒரு சாண் தள்ளி, குழாயில் துணி ஒட்டிக் கருகிய அடையாளம். துணி போய்விட்டிருந்தது. நெசவின் பாவும் ஊடும் மட்டும் அச்சாகப் பதிந்திருந்தன. ஓரத்தில் கருகாத நூல் இரண்டு, நீல நிறம்.

மகளின் சேலை என்று தீர்மானிக்க எனக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவளைப் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பியிருக்கிறான். முந்தானை குழாயில் சிக்கி அவள் விழுந்திருக்கிறாள். இவன் வைத்தியரைத் தேடி இங்கே ஓடி வந்திருக்கிறான். என் முகத்தில் விழிக்கப் பயந்து வண்டியை மட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

பயப்படுவது எனக்குப் புதிதல்ல. மனைவி காய்ச்சலில் போனபோது மகளுக்குப் பதினோரு வயது. அன்றிலிருந்து அவள் தும்மினால் நான் மூன்று நாள் தூங்கமாட்டேன். கிணற்றடிக்குப் போனால் ஒன்று இரண்டு என்று எண்ணுவேன், நூறுக்குள் வராவிட்டால் பின்னாலேயே போய் நிற்பேன். "அப்பா, நான் கல்லில்லை, மிதப்பேன்" என்று கேலி செய்வாள். அவளைக் கட்டிக்கொடுத்தபிறகு எண்ண ஆளில்லை. மாலையில் பள்ளிவிட்டு வந்து கதவைத் திறந்தால், காலையில் நான் வைத்துப்போன செம்பு வைத்த இடத்திலேயே இருக்கும். யாரும் நகர்த்தியிருக்கமாட்டார்கள். அந்தச் செம்பைப் பார்க்கும்போது வருமே ஒன்று, அதற்குத் தனிமை என்ற சொல் கொஞ்சம் பெரிது.

அவள் வீட்டுக்கு நான் அதிகம் போனதுமில்லை. அதற்கு நானே காரணம். கல்யாணம் தை மாதத்தில், ஆலையில் கரும்பு ஆடிக்கொண்டிருந்த சமயம். பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறிய வண்டி புறப்படும்போது மாப்பிள்ளையின் தாயார் ஒரு குடம் கரும்புப்பாலை, அதாவது பிழிந்த சாற்றை, கொண்டுவந்து சக்கரத்தில் வீசி ஊற்றினார். ஆலை ஆடும் நாட்களில் முக்கியமான காரியமாக எந்த வண்டி வாசலைத் தாண்டினாலும் அப்படி ஊற்றுவது அந்தக் குடும்பத்து முறையாம். நான் பக்கத்தில் இருந்தவரிடம், "சக்கரத்துக்கு என்ன தெரியும்? எறும்புக்குத்தான் லாபம்" என்றேன். குரலைத் தாழ்த்தத் தெரியாத தொழில் என்னுடையது. அந்தம்மாள் காதில் விழுந்துவிட்டது. "ஆமாங்க வாத்தியாரே, எறும்பும் உசுருதானுங்களே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதன்பிறகு இரண்டு வருடம் அவர் என்னோடு நேராகப் பேசியதில்லை. நான் எதிரில் உட்கார்ந்திருந்தாலும், "சம்பந்திக்கு மோர் வேணுமான்னு கேளுடா" என்று மகனிடம் சொல்வார். நானும் பண்டிகைக்குப் போய்விட்டு அதே நாள் பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

மணி மூன்றைத் தாண்டியது. சுவர் நிழல் மெல்ல நகர்ந்து வண்டியின்மேல் வந்தது. அப்போதுதான் கவனித்தேன். சுவர் வெடிப்பிலிருந்து ஒரு சாரை கறுப்பெறும்பு இறங்கி, டயர்மேல் ஏறி, குழாய்மேல் நடந்துகொண்டிருந்தது. கறைகளின் தடித்த விளிம்பைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தன. நடுவில் கருகிய இடத்தை ஒன்றும் தொடவில்லை.

ரத்தத்துக்கும் எறும்பு வரும். துண்டை எடுத்து விசிறினேன். அவை சிதறின, மறுபடியும் கூடின. விசிறிக்கொண்டே இருந்தேன். கையை எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை. எறும்புக்குத்தான் லாபம் என்று என் குரலே எங்கோ கேட்டது.

குனிந்தேன். நகத்தால் ஒரு கறையின் விளிம்பைப் பெயர்த்தேன். கண்ணாடிபோல் உடைந்து வந்தது. விரல்நுனியில் வைத்துக்கொண்டு எத்தனை நேரம் நின்றேனோ. தெருவில் ஆட்கள் போனார்கள். என் மகளின் ரத்தமாக இருக்கலாம் என்று நான் பகல் முழுக்க நம்பிய ஒன்றை நாக்கில் வைக்கவேண்டும். இதைப் படிப்பவர்களில் யாருக்கும் அப்படி ஒரு கணம் வரவேண்டாம். வைத்தேன்.

முதலில் கசந்தது. பிறகு தித்தித்தது.

வெல்லம் காய்ச்சும் கொப்பரையின் அடியில் பிடித்த பாகின் தித்திப்பு. நான் வண்டியின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு அம்மாள் ஓடி வந்தார். "என்னுங்க சாமி, என்னத்தைத் தின்னீங்க?" என்று என் தோளை உலுக்கினார். அழுதேனா சிரித்தேனா என்று அவருக்குத்தான் தெரியும். விஷயத்தைச் சொன்னேன். வண்டி நின்றிருந்தது, கரும்புப்பாலை ஊற்றினார்கள், உடனே கிளம்பிவிட்டான். சூடேறிய குழாயில் சாறு வெந்து பாகாகிக் கறையாகிவிட்டது. வரைந்த படம் சரி, பதில்தான் தப்பு.

"அப்படீன்னா துணி?" என்றார் அவர்.

துணியை நான் மறந்தே போயிருந்தேன். நூலைக் காட்டினேன். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "அட, இது எங்கிட்ட இருக்குதுங்களே" என்றார். மாப்பிள்ளை தொட்டியில் கையை முக்கும்போது கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனானாம். இவர் எடுத்து அலசி வேலிமேல் போட்டிருந்தார். கொண்டுவந்து கொடுத்தார். ஓரிடத்தில் உள்ளங்கை அளவு கருகிய ஓட்டை. மீதியில் வெள்ளையும் நீலமுமாகக் கட்டம்.

மகளின் சேலை இல்லை. அவள் அம்மாவுடையது. புகுந்த வீட்டுக்குப் போகும்போது பெட்டியின் அடியில் வைத்து எடுத்துப்போன இரண்டு சேலைகளில் ஒன்று.

"பிளக்குன்னு ஒண்ணு இருக்குதுங்க, அதைத் துணி வெச்சுப் புடிச்சுக் கழட்டுவாங்க. அப்ப கை குழாயில பட்டிருக்கும்" என்றேன். என் குரல் எனக்கே தெம்பாகக் கேட்டது. எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அந்தம்மாள் துணியின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு நான்காக மடித்தார். மூலைக்கு மூலை சரியாகப் பொருந்தியது.

"வாத்தியாரய்யா, இது வண்டி தொடைக்கக் கிழிச்ச துணி இல்லீங்க. பாருங்க, நாலு பக்கமும் ஒரே அளவாக் கிழிச்சிருக்குது. சோடாவுல வேக வெச்சு வெயில்ல காயப்போட்ட துணி. எத்தனை மெதுவா இருக்குது பாருங்க. புள்ளைப்பேறுக்கு எடுத்து வெப்போமுங்க இப்படி."

"அதுக்கு இன்னும் நாளிருக்குதுங்களே. அடுத்த மாசந்தானே நான் போயிக் கூட்டியாரோணும்."

"எடுத்து வெச்சதைப் பெட்டியிலிருந்து வெளியில எடுத்திருக்காங்களே. அவசரத்துல கைக்கு ஆப்பட்டதை மருமவன் தூக்கிட்டு வந்திருக்கறாரு. எத்தனையாம் மாசமுங்க?"

"எட்டு" என்றேன்.

அவர் துணியை என் கையில் திருப்பி வைத்தார். எங்கள் பக்கத்தில் ஏழில் பிறந்தால் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்பார்கள். அந்தப் பேச்சுக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கேட்டால் அப்படித்தான் சொல்வேன். அன்று வாசலில் நின்றபோது அதை ஒரு எழுத்துக்கூட மறுக்க முடியவில்லை. எருமை கத்தியது. "இதோ வாரேனுங்க" என்று அவர் போய்விட்டார். பால் கறக்கும் நேரம். யாருக்கும் வேலை நிற்காதல்லவா.

நாலு மணி பஸ்ஸுக்குப் போனேன். கரி வரவில்லை. நடந்தே போவது என்று தீர்மானித்து, வேட்டி ஒன்றும் பணமும் எடுத்துக்கொள்ள வீட்டுக்கு வந்தேன். இருபது மைலை நடந்தால் போய்ச் சேரும்போது என்ன முடிந்திருக்குமோ அது முடிந்திருக்கும். இருந்தாலும் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அந்தச் சேலைத்துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது கார் சத்தம் கேட்டது. கரி அடுப்பின் புகையோடு, காலையிலேயே எங்கோ போய்விட்டதாகச் சொன்னார்களே, அந்த வாடகைக் கார் தெருவுக்குள் வந்தது.

கதவைத் திறந்து இறங்கியவர் மாப்பிள்ளையின் தாயார். இந்த இரண்டு வருடத்தில் என் வாசலை மிதிக்காதவர். ஆலையிலிருந்து நேராக வந்தவர்போல் சேலையிலும் கையில் முழங்கைவரையிலும் பாகுத் திட்டு. என்னைப் பார்த்தார். நடுவில் மகன் யாரும் இல்லை, நேராகப் பேசினார்.

"பயப்படாதீங்க சம்பந்தி. உங்க அம்மிணி நல்லா இருக்கறா. ரண்டு மணிக்குப் பொறந்துச்சு, பொண்ணு. சின்ன உசுருங்க, ஒரு சாண் இருந்தா அதிகம். பஞ்சுல சுத்தி வெச்சிருக்குது. ஆனா கத்தறா. கத்தறவரைக்கும் பயமில்லைன்னு நர்ஸம்மா சொல்லுது. அவங்களைக் கூட்டியாரத்தான் எம்பையன் காத்தால ஓடியாந்தான். வண்டி எங்கியோ நின்னுபோச்சாம். கையைச் சுட்டுக்கிட்டு, தள்ளீட்டே வந்து உங்க ஊட்ல போட்டுட்டு, இந்தக் காரைப் புடிச்சு நர்ஸம்மாவோட வந்து சேந்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமுங்களே" என்றேன். பள்ளிக்கூடம் ஒரு கூப்பிடு தூரந்தான்.

"உங்க பொண்ணுதான் வேண்டாமுன்னா. 'அப்பாகிட்டச் சொல்லாதீங்க, பயந்துக்குவாரு'ன்னு வலியோட வலியா நாலு தடவை சொன்னா. இவனும் சரின்னு தலையாட்டுனான். வண்டியை மட்டும் வாசல்ல நிறுத்தீட்டுப் போனாப் பயப்படமாட்டீங்களாக்கும், புத்திகெட்டவன்! வந்து சொல்றான். பெத்தவரு அதைப் பாத்துட்டு என்னன்னு உக்காந்திருப்பாருன்னு, குழந்தை கத்துனதும் நானே காரை ஏறீட்டேன். இப்ப அவளே கேக்கறா, 'அப்பா எங்கே'ன்னு."

டிரைவர், "அம்மா, அடுப்பு அணைஞ்சா மறுபடி மூட்ட அரை மணி ஆவுமுங்க" என்றான்.

நான் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினேன். அந்தம்மாள் நகரவில்லை. மோட்டார் சைக்கிளின் பக்கம் குனிந்து, குழாயில் மொய்த்த எறும்புச் சாரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எறும்புக்கு லாபந்தானுங்க. தின்னுட்டுப் போகட்டும். நீங்க ஏறுங்க."